கட்டத்துக்குள் அடங்காத பண்ருட்டி

கல்லூரியில் ஒரு சின்ன வேலைக்காகக் கடலூர் மாவட்டத்து ஊர்ப் பெயர்களை அட்டவணையாக டெர்மினலில் காட்டும் நிரல் ஒன்று எழுதினேன். பைதானில் பிரெட்டிடேபிள் என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. தலைப்பைக் கொடுத்து, வரிகளைக் கொடுத்து, 'காட்டு' என்றால் போதும். கூட்டல் குறி, கழித்தல் குறி, செங்குத்துக் கோடு எல்லாம் போட்டு அழகாகக் கட்டம் கட்டிக் கொடுத்துவிடும்.

ஊர்களை ஆங்கிலத்தில் கொடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வந்தது. அதே ஊர்களைத் தமிழில் கொடுத்தேன். பண்ருட்டிக்குப் பக்கத்துக் கோடு உள்ளே போய்விட்டது, நெய்வேலிக்கு வெளியே வந்துவிட்டது, காட்டுமன்னார்கோயில் வரியில் கோடு எங்கே போனது என்றே தெரியவில்லை. மழையில் சாய்ந்த வேலி மாதிரி இருந்தது.

'தமிழ்ல அப்படித்தான்டா வரும், இங்கிலீஷ்லயே போட்டுட்டுப் போ' என்றான் பக்கத்து சீட் நண்பன். அதுதான் என்னை உறுத்தியது. ஏன் 'அப்படித்தான்' வர வேண்டும்? கோடு கோணியதற்குக் காரணம் தேடப் போய், நூற்றுச் சொச்சம் வருட வரலாறு கையில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டம் எங்கிருந்து வந்தது?

டெர்மினல் திரையைக் கூர்ந்து பார்த்தால் அது ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. ஒரு வரிக்கு 80 கட்டம். ஏன் 80? திரை வருவதற்கு முன்பே அந்த எண் வந்துவிட்டது.

1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளையும் அவற்றை எண்ணும் இயந்திரத்தையும் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் பிறகு மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து ஐபிஎம் ஆனது. 1928ல் ஐபிஎம் 80 பத்திகள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. ஒரு பத்தியில் ஓர் எழுத்து அல்லது ஓர் எண். அட்டையில் முதல் 20 பத்தி பெயர், அடுத்த 6 பத்தி தொகை என்று பிரித்துக்கொள்வார்கள். அட்டவணை என்பது அப்போதே 'எத்தனையாவது பத்தி' என்ற கணக்காக ஆகிவிட்டது.

1957ல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் அச்சிடும் அமைப்பைச் சொல்ல 'ஃபார்மட்' என்று ஒரு கட்டளையே இருந்தது. இந்த எண்ணுக்கு 5 இடம், அந்தத் தசம எண்ணுக்கு 10 இடம் என்று எழுத வேண்டும். 1959ல் வந்த ஐபிஎம் 1403 அச்சுப்பொறி வரிக்கு 132 எழுத்து வரை, நிமிடத்துக்கு 600 வரி அடித்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே அடித்த பில்களையும், ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த ரிசர்வேஷன் சார்ட்டையும் நினைத்துப் பாருங்கள். எல்லாம் இந்த வம்சம்தான். (பெட்டியில் சார்ட் ஒட்டுவது முக்கிய நிலையங்களில் 2018ல் நின்றுபோனது.)

1978ல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் 80 பத்தி, 24 வரி கொண்டது. இன்று லினக்ஸில் நாம் திறக்கும் கறுப்பு ஜன்னல் அந்த விடி100ஐப் போல நடிக்கும் ஒரு நிரல்தான். பெட்டிக்குக் கோடு போடும் வடிவங்கள் அதிலேயே இருந்தன. 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுப்பிலும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, மூலைகள் எல்லாம் இருந்தன. யூனிகோடிலும் பெட்டிக் கோடுகளுக்கு என்று 128 இடங்கள் ஒதுக்கி, 128ஐயும் நிரப்பியிருக்கிறார்கள். தமிழுக்கு ஒதுக்கிய தொகுதியும் 128 இடங்கள்தான், நிரம்பியிருப்பது 72. பெட்டிக்கோட்டுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள் :-)

யூனிக்ஸில் 1970களிலேயே பெல் ஆய்வகத்தின் மைக் லெஸ்க் 'டிபிஎல்' என்ற அட்டவணை நிரலை எழுதினார். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கட்டளைத் திரையில் விடைகள் கோடு போட்ட அட்டவணையாக வரும். அதைப் பார்த்து லூக் மாரிட்ஸ் என்பவர் 2009ல் எழுதியதுதான் நான் பயன்படுத்திய பிரெட்டிடேபிள். டபுலேட், ரிச் என்று இன்னும் பல உண்டு. உள்ளே நடப்பது எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

லைப்ரரி செய்வது என்ன?

இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொரு பத்தியிலும் நீளமான சொல் எது என்று எண்ணிப் பார்க்கும். இரண்டாம் சுற்றில், குட்டையான சொற்களுக்குப் பின்னால் அந்த நீளம் வரும்வரை வெற்றிடம் சேர்க்கும். எண்ணாக இருந்தால் வெற்றிடத்தை முன்னால் சேர்த்து வலது பக்கம் தள்ளலாம். பிறகு கோட்டைப் போடும். அவ்வளவுதான் வித்தை.

ஆக, எல்லாமே 'இந்தச் சொல் எவ்வளவு நீளம்?' என்ற ஒரே கேள்வியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரு கேள்வியே இல்லை. தமிழில் ஒரே ஊருக்குப் பல விடைகள் வருகின்றன. சில ஊர்களை நானே எண்ணிப் பார்த்தேன். (அட்டவணையாகப் போட ஆசைதான், கோணிக்கொள்ளும் என்பதால் வரிவரியாகப் போடுகிறேன்.)

பண்ருட்டி: பைட் 27, யூனிகோடு குறிகள் 9, டெர்மினல் கணக்கு 7, எழுத்து 5
கடலூர்: பைட் 18, குறிகள் 6, டெர்மினல் 5, எழுத்து 4
சிதம்பரம்: பைட் 27, குறிகள் 9, டெர்மினல் 7, எழுத்து 6
நெய்வேலி: பைட் 24, குறிகள் 8, டெர்மினல் 7, எழுத்து 4
விருத்தாசலம்: பைட் 36, குறிகள் 12, டெர்மினல் 10, எழுத்து 7
காட்டுமன்னார்கோயில்: பைட் 57, குறிகள் 19, டெர்மினல் 15, எழுத்து 10

பண்ருட்டியின் நீளம் 27ஆ, 9ஆ, 7ஆ, 5ஆ? நான்குக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

27 என்பது சேமிப்புக் கணக்கு. 1992ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். சி மொழியின் பிரின்ட்எஃப் இந்தப் பைட்டைத்தான் எண்ணும். 20 இடம் ஒதுக்கச் சொன்னால், '27 இருக்கிறதே, வெற்றிடமே தேவையில்லை' என்று விட்டுவிடும்.

9 என்பது யூனிகோடு குறிகளின் எண்ணிக்கை. ப, ண, புள்ளி, ர, உகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி. பைதான் 3ல் நீளம் கேட்டால் இதுதான் வரும். மெய்யையும் உயிர்க்குறியையும் இப்படித் தனித்தனியாக வைக்கும் வழக்கம் 1988ல் இந்திய மொழிகளுக்காக வந்த இஸ்கி முறையிலிருந்து வந்தது. 1991ல் வெளியான யூனிகோடு இந்திய எழுத்துகளுக்கு அதைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டது.

5 நமக்குத் தெரியும். ப, ண், ரு, ட், டி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டுச் சொல்லும்.

அந்த 7 மட்டும் புரியவே இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது.

டீக்கு ஒரு கட்டம், டிக்கு இரண்டு கட்டம்

அந்த 7ன் வேர் கிழக்கு ஆசியாவில் இருக்கிறது. ஜப்பானியக் காஞ்சி எழுத்து ஆங்கில எழுத்தின் ஒற்றைக் கட்டத்துக்குள் அடங்காது. ஜப்பானியக் கணினி நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களை வடிவமைத்தபோதே 'காஞ்சிக்கு இரண்டு கட்டம்' என்று முடிவு செய்துவிட்டன. இயந்திரம் செய்தவர்களே அந்த எழுத்தைப் படிப்பவர்களாக இருந்ததால் பிரச்சினை முளையிலேயே தீர்ந்தது. யூனிகோடு வந்தபோது அந்தக் கணக்கைத் தனி விதியாகவே எழுதி வைத்தார்கள்.

இதை நடைமுறைப்படுத்த 2001ல் கேம்பிரிட்ஜில் இருந்த மார்கஸ் குன் ஒரு சிறிய சி நிரலை எழுதி வெளியிட்டார். ஒரு குறியைக் கொடுத்தால் அதற்கு 0 கட்டமா, 1ஆ, 2ஆ என்று சொல்லும். பல டெர்மினல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. காஞ்சிக்கு 2. மேலேயோ கீழேயோ ஒட்டி நிற்கும் குறிகளுக்கு 0. மற்றதெல்லாம் 1.

தமிழில் எவை ஒட்டி நிற்பவை? யூனிகோடு பட்டியலில் உயிர்க்குறிகள் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கின்றன. 'இடம் எடுக்காத குறி' என்ற வகையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இருக்கின்றன. இகரக் குறி, உகரக் குறி, ஊகாரக் குறி எல்லாம் 'இடம் எடுக்கும் குறி' வகையில் இருக்கின்றன. குன்னின் நிரல் முதல் வகைக்கு 0 கொடுத்தது, இரண்டாம் வகைக்கு 1 கொடுத்தது.

இதன் விளைவு: 'டீ' என்றால் ஒரு கட்டம், 'டி' என்றால் இரண்டு கட்டம்! நெடிலுக்குக் குறிலைவிடப் பாதி இடம். எந்த இலக்கணத்திலும் இல்லாத விதி. பண்ருட்டியில் இரண்டு புள்ளிக்கு 0 போய், உகரத்துக்கும் இகரத்துக்கும் 1 சேர்ந்து, 7 ஆகிவிட்டது. யாரும் தமிழுக்குத் தீங்கு நினைத்துச் செய்ததில்லை. வேறு தேவைக்காகப் பிரித்த வகையைக் கட்டக் கணக்குக்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், நம் எழுத்தை டெர்மினலில் போட்டுப் பார்த்துச் சொல்ல அந்த மேசையில் ஆள் இல்லை.

அத்தை சொன்ன கணக்கு

இதைப் பற்றி வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது என் அத்தை கேட்டார்: 'ஸ்டேட்மென்ட் அடிக்கிறதா? அதுல என்ன கஷ்டம்?'

அத்தை தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். தமிழ்நாட்டு டைப்ரைட்டிங் தேர்வில் 'ஸ்டேட்மென்ட்' என்று ஒரு பகுதி உண்டு. தாறுமாறாகக் கொடுத்த விவரத்தைப் பத்தி பிரித்து, தலைப்புப் போட்டு, அட்டவணையாக அடிக்க வேண்டும். எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பத்தியிலும் நீளமான சொல்லைக் கண்டுபிடித்து எண்ண வேண்டுமாம். எல்லாவற்றையும் கூட்டித் தாளின் மொத்த டிகிரியில் கழிக்க வேண்டுமாம். மீதியைப் பத்திகளுக்கு நடுவே சமமாகப் பங்கு போட வேண்டுமாம். பிரெட்டிடேபிள் செய்வதும் இதேதான்!

'சரி, பண்ருட்டிய எத்தனைன்னு எண்ணுவீங்க?'

'அஞ்சு. புள்ளியெல்லாம் எண்ணக் கூடாதுடா, அது கேரேஜ நகத்தாது.'

இரண்டு நாள் நான் தேடியதை அத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

கேரேஜை நகர்த்தாத அந்த விசைக்குப் பெயர் நகரா விசை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886ல் பிறந்து மலாயாவுக்குப் போய் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். 247 எழுத்துக்கு 247 விசை வைக்க முடியாது. ஆங்கில டைப்ரைட்டரில் ஒரு விசையைத் தட்டினால் எழுத்து விழும், கேரேஜ் ஒரு இடம் நகரும். முத்தையாவின் பொறியில் சில விசைகள் குறியை மட்டும் தாளில் பதிக்கும், கேரேஜ் அசையாது. அடுத்துத் தட்டும் மெய்யெழுத்து அதே இடத்தில் விழுந்து, அதன் பிறகுதான் நகரும். புள்ளியைத் தட்டி க தட்டினால் க். தாளில் ஒரே இடம்.

ஆனால் 'கா' அடித்தால் கேரேஜ் இரண்டு முறை நகரும், ஏனென்றால் கால் பக்கத்தில் நிற்கிறது. 'கோ' என்றால் மூன்று முறை. அப்படிப் பார்த்தால் அத்தையின் கணக்கு எழுத்துக் கணக்கும் இல்லை. நெய்வேலிக்கு எழுத்து 4, ஆனால் கேரேஜ் 6 முறை நகரும். காட்டுமன்னார்கோயிலுக்கு எழுத்து 10, நகர்வு 14. பண்ருட்டியில் கொம்பும் இல்லை காலும் இல்லை, அதனால் இரண்டும் 5 ஆக ஒத்துப்போகிறது. கண்ணுக்கு எவ்வளவு அகலம் தெரிகிறதோ அதுதான் அட்டவணைக்கு வேண்டிய நீளம். இது நான்கும் இல்லாத ஐந்தாவது விடை. ஆனால் சரியான விடை.

எழுத்தை மாற்றுவதா, இயந்திரத்தை மாற்றுவதா?

இந்த அகலம்கூட நிலையாக இருந்ததில்லை. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935லேயே குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய வடிவங்கள் அவை. ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவம் போய், மற்ற எழுத்துகளைப் போலத் தனிக் காலும் தனிச் சங்கிலிக் கொம்பும் வந்தன. பழைய 'னா' சுழித்து ஒரே வடிவமாக நின்றது. புதிய 'னா' இரண்டு வடிவம். அதாவது காட்டுமன்னார்கோயில் 1978ல் ஒரு கட்டம் வளர்ந்திருக்கிறது! கற்பதற்கும் அச்சுக் கோப்பதற்கும் எளிது என்பது சீர்திருத்தத்தின் வாதம், அது நியாயமான வாதமும்கூட.

கணினி வந்த பிறகு இந்த விவாதம் வேறு உருவில் தொடர்ந்தது. 1990களில் இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கியிலும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் முறைகளிலும் கண்ணுக்குத் தெரியும் வடிவங்களுக்கே எண் கொடுத்திருந்தார்கள். 'கோ' என்றால் கொம்பு, க, கால் என மூன்று எண். அட்டவணை போட அது வசதிதான். ஆனால் அகர வரிசைப்படுத்தவும் சொல் தேடவும் சிரமம். பார்வைக்கு ஏற்ற கணக்கு மொழிக்கு ஏற்றதாக இல்லை.

2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் கூடவே டேஸ்16 என்ற முறையையும் தரமாக ஏற்றது. டேஸ்16ல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். பண்ருட்டி என்றால் நேராக 5. 'இது இருந்தால் உன் அட்டவணை கோணாதே' என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டேஸ்16ல் நெய்வேலி 4, தாளில் வேண்டியதோ 6. கோடு அங்கேயும் கோணத்தான் செய்யும். எழுத்தை எண்ணுவதும் அகலத்தை அளப்பதும் வேறு வேறு வேலை. எண்களை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

எழுத்தை எண்ண வேண்டுமென்றால் வழி ஏற்கெனவே இருக்கிறது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் 2013 முதல் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற பைதான் லைப்ரரியிடம் 'பண்ருட்டி' என்று கொடுத்தால் ப, ண், ரு, ட், டி என்று பிரித்துத் தரும். அகலத்துக்கு என்று ஒரு சின்ன விதி நான் எழுதிப் பார்த்தேன். புள்ளி, இ, ஈ, உ, ஊ குறிகளுக்கு 0. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக் கொம்புக்கு 1. ஒ, ஓ, ஔ குறிகளுக்கு 2. பத்து வரி நிரல். பெருமையாக ஓட்டினேன்.

கோடு இன்னும் கோணலாகவே இருந்தது!

அப்போதுதான் உறைத்தது. என் நிரல் சரியாக எண்ணினால் மட்டும் போதாது. எழுத்தைத் திரையில் வைப்பது டெர்மினல். அது தன் கணக்குப்படி 7 கட்டம் நகர்ந்துவிட்டு, நான் 5 என்று நினைத்துச் சேர்த்த வெற்றிடத்தையும் போட்டால் கோடு இரண்டு கட்டம் தள்ளித்தான் விழும். நீளம் என்பது இருவருக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். ஒருவர் மட்டும் சரியாக இருந்து பயனில்லை. பிரெட்டிடேபிள் நம்பியிருக்கும் பைதான் அகல லைப்ரரியின் 2023 பதிப்பில் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் குறிகளுக்குத் திருத்தம் செய்தார்கள். நல்ல விஷயம். ஆனால் டெர்மினல் பழைய கணக்கிலேயே இருந்தால் சண்டை வேறு இடத்தில் தொடரும்.

இதற்கும் அத்தையிடமே போனேன். 'பத்தி ஆரம்பத்துக்கு எப்படிப் போவீங்க? ஸ்பேஸ் தட்டித் தட்டியா?'

'யாராவது ஸ்பேஸ் தட்டுவாங்களா? டேப் செட் பண்ணி வெச்சிருப்போம். தட்டினா நேரா அங்க போய் நிக்கும்.'

டேப் என்பது டாபுலேட்டர் என்பதன் சுருக்கம். அட்டவணை அடிப்பதற்கென்றே வைத்த விசை. முன்னால் எத்தனை எழுத்து அடித்தோம் என்ற கணக்கே அதற்கு வேண்டாம், நிறுத்தம் வைத்த இடத்துக்குப் போகும். விடி100லும் டேப் நிறுத்தம் வைக்கும் கட்டளை உண்டு. 'இத்தனையாவது பத்திக்குப் போ' என்ற கட்டளை இன்றைய டெர்மினல்களிலும் இருக்கிறது. வெற்றிடம் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் 'போ, 30ல் நில்' என்று சொல்ல வைத்தேன். பத்தியைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன்.

கோடு நேராக வந்தது. பண்ருட்டி, நெய்வேலி, காட்டுமன்னார்கோயில் மூன்றும் ஒரே சுவருக்குள் நின்றன. இதிலும் குறை உண்டு. கோப்பில் சேமித்தால் அந்தக் கட்டளைகள் குப்பையாகத் தெரியும். இகரத்துக்குப் பின்னால் டெர்மினல் விடும் காலி இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

'தமிழ்ல அப்படித்தான் வரும்' என்பதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. டைப்ரைட்டர் ஆங்கிலத்துக்காகச் செய்ததுதான். முத்தையா அதற்காகத் தமிழைக் குறை சொல்லவில்லை. கேரேஜை நகராமல் நிற்கவைத்தார். டெர்மினலும் அந்த டைப்ரைட்டரின் பேரன்தான். தாத்தா கற்றுக்கொண்டதைப் பேரனுக்கும் நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். குன்னின் நிரலைப் போன்ற கட்டக் கணக்குகள் பல டெர்மினல்களில் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன, திருத்தி அனுப்ப யாருடைய அனுமதியும் வேண்டாம். டிக்கும் டீக்கும் ஒரே இடம் கொடுங்கள் என்று கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் டெர்மினலில் உங்கள் ஊர்ப் பெயரை அட்டவணையில் போட்டுப் பாருங்கள். கோடு எத்தனை கட்டம் தள்ளிப் போகிறது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.